பிஸ் மானிட்டர்: நம்பருக்காக வாங்காதீர்கள்

மயக்க மருந்துத் துறையில் இருக்கும் நண்பர்கள் பிஸ் மானிட்டர் (ஆபரேஷனில் நோயாளி எவ்வளவு ஆழமாக மயங்கியிருக்கிறார் என்று மூளை அலையை வைத்துக் காட்டும் கருவி) வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் திரையில் கொட்டை எழுத்தில் வரும் அந்த நம்பருக்காக என்றால் வேண்டாம்.

நெற்றியில் ஒட்டும் பட்டை மூளை அலையை எடுத்து 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகச் சுருக்கித் தரும். 40-60 இருந்தால் ஆள் சரியாக மயங்கியிருக்கிறார் என்று கணக்கு. நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரொபோஃபால் மட்டும் ஓடும்போது ஓரளவு ஒத்துப்போகும். நடுவில் கீட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், நோயாளி அசையாமல் கிடப்பார், நம்பர் மட்டும் விறுவிறுவென்று ஏறும், பக்கத்தில் நிற்கும் பிஜி மாணவர் பதறிப்போய் மயக்க வாயுவைக் கூட்ட வேப்பரைசர் டயலைத் திருகப் போவார். வாயு மயக்கத்துக்கு, மூச்சில் வரும் வாயு அளவுக்கு அலாரம் வைப்பதைவிட இது மேல் இல்லை என்று 2011-லேயே பெரிய ஆய்வு வந்துவிட்டது. பட்டை வேறு ஒரு தடவையோடு சரி, அந்தச் செலவு நோயாளி பில்லில்தான் போய் உட்காரும்.

நம்பரை விட்டு அலையைப் பாருங்கள் என்று சொல்லிவருபவர் பாஸ்டனில் இருக்கும் எமரி பிரவுன். மாசசூசெட்ஸ் ஜெனரலில் மயக்க மருந்து டாக்டர், எம்ஐடியில் பேராசிரியர், போதாததற்குப் புள்ளியியலில் முனைவர். ஆராய்ச்சியில் முதலில் மயக்கத்தின் பக்கமே வரவில்லை மனிதர்! நம் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்று காட்டிய 1999 ஆய்வில் அவர் பெயர் இருக்கிறது, எலி எங்கே நிற்கிறது என்பதை அதன் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலுள்ள செல்களின் துடிப்பை வைத்தே கண்டுபிடிக்கும் கணக்கும் போட்டார். ஆபரேஷன் தியேட்டரில் தானே கொடுத்துவந்த மயக்கத்தை ஆராய எடுத்துக்கொண்டது அப்புறம்தான். அது தூக்கமே இல்லை, மருந்தால் வரவழைத்து மருந்தை நிறுத்தினால் தெளிகிற கோமா என்று 2010-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதினார். நோயாளியிடம் அப்படிச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார், அது வேறு.

அவர் குழு சொன்னபடி ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த வேகத்து மூளை அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் படத்தை, பார்க்கத் தொடங்கினால் மானிட்டரே வேறு மாதிரி தெரியும். புரொபோஃபால் என்றால் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சிவப்புப் பட்டை, அடியில் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இன்னொன்று. மயக்க வாயுவான செவோஃப்ளூரேன் என்றால் இடைவெளியும் நிரம்பும். கீட்டமின் வேக அலைகளைக் கிளப்பிவிடும், நம்பர் ஏறிய ரகசியம் அதுதான். வயதானவர்களுக்கு மேல் பட்டை வெளுத்துத் தெரியும். சாதா அலையில் இடையிடையே தட்டைக் கோடு வந்தால், மருந்தைக் குறைக்க வேறு சாட்சி வேண்டாம்.

எல்லா மாடலிலும் இந்தப் படம் வராது. டெமோவுக்கு வரும் சேல்ஸ்காரர் நம்பரைத்தான் காட்டுவார், அலையையும் ஸ்பெக்ட்ரோகிராமையும் திறந்து காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள். என் மதிப்பெண்: நம்பருக்கு அஞ்சுக்கு ரெண்டு, படத்துக்கு நாலரை.