பாதி விலைக்கு வரும் 10-46 செட்: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆன்லைனில் ஸ்ட்ரிங் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெரிய பிராண்டுகளின் பெயரில் டூப்ளிகேட் செட்டுகள் புழங்குகின்றன. கவர், எழுத்து, நிறம் எல்லாம் அச்சு அசல். உள்ளே இருக்கும் கம்பி வேறு. எனக்கு வந்தது டி'அடாரியோ கம்பெனியின் எக்ஸ்எல் வரிசையில் வரும் இஎக்ஸ்எல்110 என்று அச்சடித்த செட். அந்தக் கம்பெனிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. என் கோபமெல்லாம் அவர்கள் பெயரைத் திருடிக் கவர் அடித்தவர்மேல், தெரிந்தே அதை விற்ற கடைக்காரர்மேல், புகார் போன பிறகும் அவருக்கு இடம் கொடுக்கும் விற்பனைத் தளத்தின்மேல்.

கோவையில் கிட்டார் வகுப்பு நடத்துகிறேன். சர்ச் கொயரில் வாசிக்கும் பிள்ளைகள், காலேஜ் பேண்டில் இருப்பவர்கள், மெல்லிசைக் குழுவில் சேர ஆசைப்படுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி, "சார், எந்த ஸ்ட்ரிங் போட்டா டோன் நல்லாருக்கும்? குடுக்கற காசுக்கு எது தாங்கும்?" வாயால் சொல்வதைவிடக் காதில் போட்டுக் காட்டுவது மேல் என்று, ஒரே கிட்டாரில் ஒவ்வொரு வகையாக மாட்டி, ஒரே ஆம்ப் செட்டிங்கில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) கொண்ட ஸ்ட்ராட் வகைக் கிட்டார். எல்லாமே 10-46 செட். அதாவது 10, 13, 17, 26, 36, 46. இந்த எண்கள் ஒவ்வொரு கம்பியின் தடிமனை, அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிச் சொல்லும் அளவு. 10 என்றால் 0.254 மில்லிமீட்டர், 46 என்றால் 1.17 மில்லிமீட்டர்.

முக்கியமான வகைகள் மூன்று. எஃகுக் கம்பியின்மேல் நிக்கல் முலாம் பூசிய எஃகைச் சுற்றியது முதல் வகை. இன்றைக்குக் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலும் இதுதான். முழு நிக்கலைச் சுற்றியது இரண்டாவது. 1950களின் கிட்டார்களில் கேட்கும் சத்தம் இந்த வகையுடையது. மூன்றாவது ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். கம்பி அதிரும்போது அதன் அடியில் இருக்கும் பிக்கப்பின் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. எஃகு அதை வலுவாகக் கலைக்கும், நிக்கல் சற்று மென்மையாக. அதனால் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பளிச்சென்று, கூராகக் கேட்கும். முழு நிக்கல் தணிந்து, உருண்டு வரும். முலாம் பூசியது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: மெல்லிய மூன்று கம்பிகள், அதாவது இ, பி, ஜி மூன்றும், எந்த வகைச் செட்டை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே. வெள்ளீயம் பூசிய வெறும் எஃகு. மேலே எதுவும் சுற்றியிருக்காது. நிக்கலா, ஸ்டீலா என்ற வித்தியாசத்தைத் தடித்த மூன்று கம்பிகளில்தான் தேட வேண்டும். முதல் கம்பியில் ஒரு லீட் வாசித்துவிட்டு "நிக்கல் டோன் சூப்பர்" என்று சொல்லும் வீடியோக்களை நம்பிக் காசு போடாதீர்கள்.

மூன்று வகைக்கும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறதல்லவா, அந்த ஒழுங்குதான் டூப்ளிகேட்டைக் காட்டிக்கொடுத்தது. நடுவில் நிற்க வேண்டிய முலாம் பூசிய செட், அதாவது ஆன்லைனில் வாங்கிய அந்த இஎக்ஸ்எல்110, முழு நிக்கலைவிட மந்தமாகக் கேட்டது. புதிதாகப் பிரித்த கம்பி, மாதக்கணக்கில் வியர்வை குடித்த கம்பியின் சத்தத்தைக் கொடுத்தது. ஆறாவது கம்பியைத் தட்டினால் சத்தம் கொஞ்சநேரம்கூட நிற்கவில்லை. ஜி கம்பி சுருதியில் நிற்க மறுத்தது. 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவது) லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒரு சுருதி, அழுத்தி வாசித்தால் வேறு சுருதி. பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்தி 12இல் சரிசெய்தால் 5இல் விலகுகிறது, 5ஐப் பார்த்தால் 9இல் விலகுகிறது. கிட்டாரில் கோளாறு என்றால் பழைய கம்பியிலும் இது வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீளம் முழுக்க ஒரே கனமாக இல்லாத கம்பியை எந்தச் செட்டப்பாலும் (கிட்டாரைச் சரிப்படுத்தும் வேலை) சுருதி சேர்க்க முடியாது.

கோவையில் ஒரு வசதி, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இந்தச் செட்டையும், கோவையில் நேரில் வாங்கிய அதே பெயருள்ள செட்டையும் எடுத்துப் போனேன். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தவர் சும்மா இருக்க முடியாமல், "ஏனுங்க, ஒரே கம்பில இங்க ஒரு அளவு, அங்க ஒரு அளவு காட்டுதுங்க. இதைச் சுத்துன மெஷினே சரியில்லீங்க" என்றார். நேரில் வாங்கியதில் 46 கம்பி எங்கே வைத்தாலும் 1.17. ஆன்லைனில் வந்தது ஓரிடத்தில் 1.09, கொஞ்சம் தள்ளி 1.12. ஜி கம்பி 0.43 இருக்க வேண்டும், 0.40தான் இருந்தது.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு என்ன என்று தோன்றலாம். கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு மாறும். விட்டம் 7 விழுக்காடு குறைந்தால், அதே சுருதியில் இழுவிசை ஏறக்குறைய 13 விழுக்காடு குறைந்துவிடும். சாதாரணமாக ஒரு 10-46 செட் ஆறு கம்பிகளும் சேர்ந்து நூறு பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது 46 கிலோ அளவுக்கு, கிட்டார் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். இழுவிசை குறைந்தால் கழுத்து பின்னுக்குப் போகும்; முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி உரசிக் கரகரக்கும். வாசிக்கிறவர் கிட்டார் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

அப்படித்தான் நடந்தது, அதுவும் என்னிடம் படிக்கும் பெண்ணுக்கு. அதே ஆன்லைன் கடையில் அவள் அப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். கரகரப்பைச் சரிசெய்ய ஒரு கடையில் காசு கொடுத்து, கழுத்தின் வளைவை மாற்றும் ட்ரஸ் ராடைத் திருகியும் இருக்கிறார்கள். வகுப்பில் ட்யூனரையே பார்த்துக்கொண்டு, "சார், எனக்குக் காது சரியில்லையோ? எவ்வளவு ட்யூன் பண்ணாலும் கார்டு புடிச்சா அபஸ்வரமா இருக்கு" என்று கேட்டாள். அவள் காது மிகச் சரியாக வேலை செய்ததால்தான் அவளுக்கு அது கேட்டது. ஒரிஜினல் செட் மாட்டிக் கழுத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் அதே கார்டுகள் சுத்தமாக ஒலித்தன. போன சில நூறு ரூபாயைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. கற்றுக்கொள்ளும் வயதில் ஒரு பிள்ளையைத் தன் காதையே சந்தேகப்பட வைப்பது பெரிய பாவம்.

இனி, பாக்கெட்டைப் பார்த்தே எவ்வளவு கண்டுபிடிக்கலாம் என்று சொல்கிறேன். டி'அடாரியோ எக்ஸ்எல் செட்டில் கம்பியின் நுனியில் உள்ள வளையங்களுக்கு நிறம் உண்டு: இ வெள்ளி, பி ஊதா, ஜி பச்சை, டி கறுப்பு, ஏ சிவப்பு, தடித்த இ பித்தளை நிறம். எனக்கு வந்ததிலும் எல்லா நிறமும் இருந்தன. ஆனால் டி கம்பிக்குச் சிவப்பும் ஏ கம்பிக்குக் கறுப்பும் மாறி இருந்தன. நிறம் சரியாக இருந்தாலே ஒரிஜினல் என்று முடிவுகட்ட வேண்டாம், கொஞ்சம் கவனமான திருடன் அதையும் சரியாகப் போட்டுவிடுவான். ஒரிஜினல் செட்டில் உள்ளே வரும் குறியீட்டை அந்தக் கம்பெனியின் தளத்தில் பதிந்து பார்க்கலாம். நான் பதிந்தபோது என் குறியீடு ஏற்கப்படவில்லை.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. வெளிநாட்டில் செய்து இங்கே விற்கும் பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஆகியவை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஒழுங்கான கடையில் வாங்கும் ஸ்ட்ரிங் கவரின் பின்னால் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, அதுதான். எனக்கு வந்ததில் அந்த ஸ்டிக்கரே இல்லை. கடைக்காரரை போனில் பிடித்துக் கேட்டேன். "சார், அதே பேக்டரி ஐட்டம்தான் சார், டேரக்ட்டா வர்றதால ரேட் கம்மி" என்றார். அந்தக் கம்பி அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஃபார்மிங்டேலில் தயாராவது. அங்கிருந்து நேராக வருகிறதென்றால் இறக்குமதி செய்தது யார், பில் எங்கே என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. பிறகு எடுக்கவே இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தால் வந்த பதில், "பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க இயலாது." பிரித்து, மாட்டி, வாசிக்காமல் ஒரு கம்பி போலி என்று எப்படித் தெரியும்? இந்த ஒரு விதியை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. அங்கே நின்றுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி தளத்துக்கு ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். அவருக்கு மைக்ரோமீட்டர் படங்கள், ஸ்டிக்கர் இல்லாத கவரின் படம், பில் எல்லாம் அனுப்பினேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் பணம் திரும்பியது. கவரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

ஒப்பிடும் வேலையை ஒரிஜினல் செட்டோடு மறுபடி முதலிலிருந்து செய்தேன். கேட்கிறவர்களுக்கு என் கருத்து இது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நிக்கல் முலாம் பூசிய சாதாரண செட் போதும். டி'அடாரியோ எக்ஸ்எல்லோ எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்கியோ, இரண்டின் அளவும் ஒன்றே, டோனில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழைய ப்ளூஸ், மென்மையான மெலடி வாசிப்பவர்கள் முழு நிக்கலைப் போட்டுப் பார்க்கலாம், கொடுக்கும் காசுக்கு நிறைவு கிடைக்கும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் என் கைக்குக் கரடுமுரடு. ஃப்ரெட்டையும் சற்று வேகமாகத் தேய்க்கும். கை அதிகம் வியர்ப்பவர்கள், சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் இருப்பவர்கள் எலிக்சிர் போன்ற கோட்டட் (மேற்பூச்சுள்ள) ஸ்ட்ரிங்கைப் போடுங்கள். விலை ஏறக்குறைய இரு மடங்கு, ஆனால் சுற்றுக்குள் வியர்வை இறங்காததால் அதைவிட அதிக காலம் உழைக்கிறது. டூப்ளிகேட்டையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். அந்த வெறும் எஃகுக் கம்பிகளில் ஒரு வாரத்துக்குள் துரு தெரிந்தது. அடுத்த செட்டுக்கும் காசு, கெட்ட செட்டப்புக்கும் காசு.

அந்தக் கடை மூடிவிடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அதே தளத்தில், அதே படங்களோடு மறுபடி வந்திருக்கிறது. மர மேசைமேல் மூன்று பாக்கெட்டுகளை விசிறி மாதிரி விரித்து எடுத்த படம். கவரின் பின்பக்கத்தை எந்தப் படத்திலும் காட்டியிருக்க மாட்டார்கள். விலை கோவைக் கடைகளில் இருப்பதில் பாதிக்கும் கீழே. அந்தப் பக்கம் கண்ணில் பட்டால் வாங்காமல் விடுவதோடு, அங்கேயே "போலிப் பொருள்" என்று புகார் பட்டனையும் அழுத்திவிடுங்கள்.