செடின்னு வித்தது வெறும் குச்சி. 6,400 போச்சு!

ஆன்லைன்ல செடி வாங்குறவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. செடி மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, பேர் வேண்டாம். மரத்தடியில வரிசையா வைக்க சிவப்பு கார்டிலைன் (இலை அழகுக்காக வளர்க்கிற செடி) எட்டு வாங்கினேன். ஒண்ணு 800, மொத்தம் 6,400. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடியே சாட்ல கேட்டேன், "வேர் பிடிச்ச செடிதானே?" "ஆறு மாசம் தொட்டியில வளர்ந்தது மேடம், அப்படியே மண்ணுல வைங்க." கூடவே ஒரு போட்டோ. தொட்டியை உருவி, மண்ணைச் சுத்தி வெள்ளை வேர் பின்னிக் கிடக்கிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன்.

வந்தப்போ எல்லாத்துலயும் நாலஞ்சு இலை, பளபளன்னு. கொஞ்ச நாள்ல தொங்கிப்போச்சு. ஒண்ணை லேசா தூக்கினேன், கையோட வந்துடுச்சு. கோகோபீட்ல (தேங்காய் நார்த் தூள்) செருகின போத்து, அதாவது வெட்டின வெறும் குச்சி! அடி கருத்து, கொழகொழன்னு அழுகல் நாத்தம். பேருக்குக்கூட ஒரு வேர் இல்லை. எட்டும் அப்படித்தான். கார்டிலைன் தண்டுல இருக்கிற சத்தை வெச்சே வேர் இல்லாம துளிர் விட்டுடும். அந்தத் துளிரைக் காட்டித்தான் இவங்க பிழைப்பு.

புகார் பண்ணினா, "புது இடம், பழகிடும்"னாங்க. அப்புறம் "வெயில் பத்தலை". இவங்க விளம்பரத்துலயே "அடர் நிழலிலும் நெருப்பாய்ச் சிவக்கும்"னு போட்டிருக்கு. (அதுவும் பொய். அடர் நிழல்ல சிவப்பு மங்கிடும், மர இடுக்கு வெயிலாவது வேணும்.) வெச்ச இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினா, வேற ஒருத்தர் வந்து "வெயில் அதிகம்"ங்கிறார்! அடுத்தவர், "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க." அழுகின அடியைக் காட்டினதும், "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? 48 மணி நேரத்துல சொல்லியிருக்கணும்." புகாரை மூடிட்டாங்க. இலையோட நிக்கிற குச்சியில வேர் இல்லைன்னு 48 மணி நேரத்துல யாருக்குத் தெரியும்? போட்ட ரிவ்யூவையும் தூக்கிட்டாங்க. 6,400ங்க!

விவரமா எழுதத்தான் நினைச்சேன், ஆத்திரத்துல கை ஓடலை. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. அன்னைக்கே தொட்டியை உருவி வேரைப் பாருங்க. இலையை நம்பாதீங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. கடை பேர் வேணும்னா தனியா கேளுங்க.