ஆண்டுக்கு ஒரு கணக்கா, மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கா?

ஜனவரி முதல் தேதியன்று புது டைரியில் "8 கிலோ குறைக்க வேண்டும்" என்று எழுதி, டிசம்பரில் அதைத் திருப்பிப் பார்ப்பது ஒரு முறை. அதே இலக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது மற்றொரு முறை. முதலாவதில் தொந்தரவு குறைவுதான். ஆனால் மார்ச்சில் நின்றுபோன நடைப்பயிற்சி டிசம்பரில்தான் கண்ணில் படும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டாவது முறையே பொருந்தும் என்பது என் கருத்து. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவற்றில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கும் எச்பிஏ1சி பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதால், முந்தைய நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து அதை ஏமாற்ற முடியாது. (நானும் முயன்று பார்த்தவன்தான்.)

உடற்பயிற்சிக்கோ மூன்று மாதம்கூட நீளம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை நாள்காட்டித் தாளில் குறித்துவந்தால், ஞாயிற்றுக்கிழமையே பற்றாக்குறை தெரிந்துவிடும்.

வீணை பழகுவது, புதிய மொழி கற்பது போன்றவற்றுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கே ஏற்றது. அவற்றை அடிக்கடி அளந்தால் சோர்வுதான் மிஞ்சும்.