பிரிந்தவர்கள் சேர்ந்து பாடிய 'ரூமர்ஸ்'

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், புருசனும் பெண்சாதியும் ராத்திரி சண்டை பிடித்தால் ஒவ்வொரு வார்த்தையும் நமக்குக் கேட்கும், ஏனென்றால் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. விடிந்ததும் அதே இரண்டு பேரும் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், வேலைக்குப் பெயர் கொடுக்க ஒரே பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். வேறு எங்கே போவது? பிளீட்வூட் மெக் என்ற ரொக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' அல்பத்தை முதல்முறை முழுதாகக் கேட்டு முடித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

1977 பெப்ரவரியில் வெளிவந்த அல்பம் இது. முந்தைய வருடம் கலிபோர்னியாவில் சொசலிட்டோ என்ற ஊரில் இருக்கும் ஸ்டூடியோவுக்குள் இவர்கள் போனபோது, கீபோர்ட் வாசித்துப் பாடும் கிறிஸ்டின் மக்வீயும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜோன் மக்வீயும் கலியாணம் முறிந்து பிரிந்திருந்தார்கள். பாடகி ஸ்டீவி நிக்ஸுக்கும் கிட்டார் வாசிக்கும் லிண்ட்சி பக்கிங்ஹாமுக்கும் பல வருடக் காதல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ட்ரம்ஸ் அடிக்கும் மிக் பிளீட்வூட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. ஆக, ஐந்து பேரில் ஒருவருக்கும் நிம்மதியில்லை, ஆனால் ஒருவரும் குழுவை விட்டுப் போகவில்லை. மனதில் இருந்ததை அப்படியே பாட்டாக எழுதி, யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களையே கூப்பிட்டுச் சேர்ந்து பாட வைத்தார்கள்.

'கோ யுவர் ஓன் வே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிண்ட்சி ஸ்டீவியைப் பார்த்துப் பாடுகிற கோபம் அது. அதில் ஒரு வரி தன்னைப் பற்றிய பொய் என்று ஸ்டீவி பிறகு சொல்லியிருக்கிறார், எடுக்கச் சொல்லியும் லிண்ட்சி எடுக்கவில்லை. ஆனாலும் கோரஸ் வரும்போது காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள், அதில் ஸ்டீவியின் குரலும் சேர்ந்து பாடுகிறது. தன்னைத் திட்டுகிற பாட்டுக்குத் தானே சுருதி சேர்த்துப் பாடியிருக்கிறார். அவருடைய பக்கத்து நியாயம் 'ட்ரீம்ஸ்'. பத்து நிமிடத்தில் எழுதியது என்று சொல்வார். பெரும்பாலும் இரண்டே இரண்டு கோர்ட்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கோபப்படாமல், 'சரி, போ, ஆனால் தனிமை என்றால் என்ன என்று உனக்குத் தெரியவரும்' என்கிற தொனி. இயர்போன் மாட்டிக் கேட்டால் பின்னால் லிண்ட்சியின் கிட்டாரில் தந்தியை மீட்டும் சத்தமே இருக்காது, சுரம் மட்டும் மெல்ல ஊறி வந்து மறையும். தன்னை விட்டுப் போகிறவளின் பாட்டுக்கு அவ்வளவு பக்குவமாக வாசித்திருக்கிறார் மனிதர்.

இதை நான் ஏன் இத்தனை தரம் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்குப் பேசி முடித்திருந்த கலியாணம் நின்றுபோனது. அவரும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். காலையில் ஒரே பதிவேட்டில் கையெழுத்து, அவருடைய பெயருக்கு இரண்டு வரி கீழே என்னுடையது. இடமாற்றம் கேட்டேன், கிடைக்கவில்லை. பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குவது எங்கள் இரண்டு பேருடைய பொறுப்பாக இருந்தது, அவர் ஆர்மோனியத்தில் சுருதி பிடிக்க அந்தச் சுருதியிலேயே நான் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்ட வேண்டும். முதல் நாள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து 'த செயின்' பாட்டை நான்கு தரம் கேட்டேன். ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டிருக்கும் ஒரே பாட்டு அதுதான். மூன்றாவது நிமிடம் தாண்டியதும் எல்லாம் அடங்கிப்போய், ஜோன் மக்வீயின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாகப் படி இறங்குகிற மாதிரி வரும், அப்புறம் ட்ரம்ஸும் கிட்டாரும் வந்து சேர்ந்துகொள்ளும், பாட்டு வேறொன்றாக எழும்பி ஓடும். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் பாடிக் காட்டினேன்.

நம்பிக்கை என்று வரும்போது எல்லோரும் 'டோன்ட் ஸ்டொப்' பாட்டைச் சொல்வார்கள், நாளையை நினை என்று கிறிஸ்டின் எழுதியது. நல்ல பாட்டு, ஆனால் எனக்கு 'சோங்பேர்ட்' போதும். அதை ஸ்டூடியோவில் எடுக்காமல் பேர்க்லியில் ஆளில்லாத ஒரு பெரிய மண்டபத்தில் பியானோவை வைத்துப் பதிந்தார்கள். பியானோ, கிறிஸ்டினின் குரல், கொஞ்சம் கிட்டார், அவ்வளவுதான். அந்த வெறும் மண்டபத்தின் காற்றும் பாட்டுக்குள் இருக்கிறது. தனக்கு ஒன்றும் கேட்காமல் இன்னொருவர் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பெண் பாடுகிறார். 2022 நவம்பரில் கிறிஸ்டின் இறந்த செய்தி வந்த அன்று கேட்டதைவிட, இப்போது கேட்கும்போதுதான் எனக்கு இந்தப் பாட்டு விளங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. 'ஓ டாடி' இழுவையாக இருக்கிறது, நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். அதைவிடப் பெரிய மனக்குறை 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. ஸ்டீவி எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. இசைத்தட்டில் இடம் போதாது, பாட்டு நீளம் என்று அதை அல்பத்திலிருந்து எடுத்துவிட்டு, 'கோ யுவர் ஓன் வே' சிறு தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். அவரைத் திட்டும் பாட்டுக்குப் பின்பக்கம் அவருடைய பாட்டு! அது அவரை எவ்வளவு நோகடித்திருக்கும். 2004 இல் வந்த மறுபதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள், ஆகவே வாங்குவதாக இருந்தாலும் டவுன்லோட் செய்வதாக இருந்தாலும் அந்தப் பாட்டு இருக்கிற பதிப்பைப் பார்த்து எடுங்கள்.

உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்ற, 1978 இல் சிறந்த அல்பத்துக்கான கிராமி இசை விருது வாங்கிய ஒன்றுக்கு என்னுடைய சிபாரிசு தேவையில்லைதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் 'ட்ரீம்ஸ்' பாட்டின் அரை நிமிடத் துண்டை மட்டும் போனில் கேட்டிருக்கிறார்கள், முழு அல்பத்தையும் கேட்டவர்கள் குறைவு. மொத்தமே 40 நிமிடம். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) வெளிக்கிடும்போது போடுங்கள், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாட்டுகளின் வரிசையை மாற்றாமல் கேளுங்கள். தலவாக்கலை தாண்டுகிற அளவில் பதினொன்றும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு, நானுஓயாவுக்கு ஏறும்போது 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'.