சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: அம்மாவோடு போன அனுபவம்

அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. நியூஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போக இந்த முறை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தில் சீட்டு எடுத்தேன். சாங்கியில் ஏறினால் ஜான் எஃப் கென்னடியில்தான் இறங்க வேண்டும், நடுவில் எங்கும் நிற்காது. போன முறை வேறொரு நிறுவனத்தில் வழியில் மாறிப் போனோம். முதல் விமானம் தாமதமாகி, நள்ளிரவில் சக்கர நாற்காலியும் கிடைக்காமல், அம்மா அடுத்த கேட்டுக்கு நொண்டிக்கொண்டே வேகமாக நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் 15,349 கிலோமீட்டர். பூமி உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும். ஆனால் நாங்கள் போன விமானம் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்தது. தூரம் கூடினாலும், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரத்தில் லாபம். ஆனாலும் சுற்றிப் போவதால், அந்தக் குறுகிய தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், பதினெட்டரை மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13.

விமானம் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், சாதாரண ஏ350-900 கொள்வதைவிட 24,000 லிட்டர் அதிகம். எடையைக் குறைக்க மொத்தம் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமியே கிடையாது, அதனால் செலவு கூடத்தான் செய்யும். பணம்தான் முக்கியம் என்றால் அதே நிறுவனம் பிராங்பர்ட் வழியாக நியூயார்க் போகும் சேவையில் எகானமி உண்டு, ஆனால் பயணம் ஒரு முழு நாளை நெருங்கிவிடும். இளம் வயதில் தனியாகப் போகிறவர்கள் அதில் போகலாம், தப்பில்லை.

பிரீமியம் எகானமியில் வரிசைக்கு வரிசை 38 அங்குலம், அம்மா காலை நீட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. நடுவில் நான்கு, சன்னலோரம் இரண்டிரண்டு; சன்னலோர ஜோடி இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், பக்கத்தில் அந்நியர் இல்லாததால் அம்மா கூச்சப்படாமல் எழுந்து எழுந்து நடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க வைத்தேன், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பார்த்து நடுவானில் குழம்ப வேண்டாம்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே அம்மா பேத்தியோடு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரவும் இதிலேயே எடுத்துவிட்டேன்.