கிளட்ச் பெடல் இறங்கினால் பிளைவீலை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்: சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கிளட்ச் கோளாறு என்று வண்டியை விடப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். தேவையே இல்லாமல் கியர்பாக்ஸை இறக்கி, மாற்றாத பிளைவீலுக்கும் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் இதில்தான் அழுந்திப் பிடிக்கும்) சேர்த்து எங்களிடம் பணம் வாங்கிவிட்டார்கள்.

எங்களுடையது பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். கேபிள் கிடையாது, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச். கிண்டி சிக்னலில் நிற்கும்போது பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, கியர் விழவில்லை. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் மேல் ஹாரன். காலால் நாலைந்து முறை பம்ப் செய்த பிறகுதான் பெடல் கொஞ்சம் எழுந்தது. மறுநாள் வளசரவாக்கம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பிக்கப் குறையவில்லை, கருகல் வாடை இல்லை, பெடல் மட்டும்தான் இறங்குகிறது என்று தெளிவாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தோம்.

மதியம் போன் வந்தது. “சார், கியர்பாக்ஸ் இறக்கிட்டோம். பிளேட் தேஞ்சிடுச்சு, பிளைவீலும் போயிடுச்சு. இப்பவே மாத்தலைன்னா திரும்ப இறக்கணும், டபுள் செலவு.” கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம். நீலம் பாய்ந்து கருகிய பிளைவீல், அடியில் சிமென்ட் தரை, அவ்வளவுதான். எந்த வண்டியில் கழற்றியது என்று தெரிய அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. வண்டி அங்கே பிரித்துப் போட்டுக் கிடக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கிளட்ச் செட், பிளைவீல், லேபர் எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். பழைய சாமானைக் கேட்டால், “ஸ்கிராப்காரர் எடுத்துட்டுப் போயிட்டார் சார்” என்றார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வடபழனி சிக்னலில் அதே மாதிரி பெடல் தரைக்குப் போனது.

இந்த முறை புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார், அளவு இறங்கியிருந்தது. அப்புறம் கியர்பாக்ஸ் மேலே வெளியில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் சிறு பாகம்) ரப்பர் உறையை விரலால் விலக்கினார். உள்ளே தேங்கியிருந்த ஆயில் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. அதன் கீழே பெயின்ட் உரிந்திருந்ததைக் காட்டி, “பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் இப்படித்தான் போகும். இது ரொம்ப நாளா ஒழுகுது தம்பி” என்றார். முதல் ஒர்க்‌ஷாப்பில் ஆயிலை ஊற்றி, ஏர் எடுத்து (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி) அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்ச நாள் ஓடியது. புது சிலிண்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கான ஆயில் முழுக்க வற்றிவிடாதபடி டப்பாவுக்குள் தடுப்பு இருந்தாலும், ஒழுக்கை அப்படியே மூடி அனுப்புவது எவ்வளவு ஆபத்து!

“அண்ணே, பிளைவீலாவது மாத்தியிருக்காங்களா?” என்று கேட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். பிளைவீலைச் சுற்றி ஒரு பல் வளையம் இருக்கும், ஸ்டார்ட்டர் அதில்தான் கடிக்கும். இன்ஜின் பெரும்பாலும் ஒரே சில இடங்களில் வந்து நிற்பதால், பழைய பிளைவீலில் அந்த இடத்துப் பற்கள் மட்டும் மழுங்கிப்போயிருக்கும். மெதுவாகச் சுற்றிக் காட்டினார். ஒரு பக்கம் பற்கள் துருவோடு நுனி சிதைந்திருந்தன, அடுத்த பக்கம் நன்றாக இருந்தன. புதுசு என்றால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது.

பெடல் தளர்ந்தாலோ தரைக்குப் போனாலோ முதலில் ஆயில் அளவு, பெடலுக்கு மேலே இருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர், இந்த மூன்றையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். (சில வண்டிகளில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும், அதற்கு இறக்கித்தான் ஆக வேண்டும்.) கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் அது கிளட்ச் பிளேட் தேய்மானம். முதல் கியரில் கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போது வண்டி உதறினால்தான் பிளைவீல் மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போதும் சாதாரண ஒற்றைப் பிளைவீலாக இருந்து, விரிசல் இல்லாமல், தேய்மானமும் அளவுக்குள் இருந்தால் லேத்தில் ஃபேஸிங் (மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது) செய்தாலே பெரும்பாலும் போதும். நிறைய டீசல் கார்களில் வருகிற இரட்டைப் பிளைவீல் (அதிர்வைக் குறைக்க நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு தட்டாகச் செய்தது) கதை வேறு, அதைப் பொதுவாக மாற்றத்தான் வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்குமுன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வண்டியை விடும்போது வேலைகளைக் குறித்துத் தரும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, நோட்டீசும் அனுப்பியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலே வாதாடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே போலக் கருகிய பிளைவீல் படம் உங்களுக்கும் வந்திருந்தால் அதையும் பில்லையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.