ஒரே பிள்ளை, மூன்று கோப்புகள்: பாடசாலை உதவியை இணைப்பதா, தனித்தனியே விடுவதா?

தரம் 9 இல் படிக்கும் குருநகர்ப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் அவனுக்கு ஒரு பெயர் சொல்வார். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். அவன் அம்மம்மாவோடு இருக்கிறான். விடியற்காலையில் இறங்குதுறைக்குப் போய் மாமனின் வலையில் மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருகிறான். கணிதத்தில் புள்ளி இறங்குகிறது. காலைப் பிரார்த்தனைக்குப் பிந்துகிறான். ஒருநாள் பக்கத்து வாங்கில் இருந்தவனுக்கு அடித்தும்விட்டான்.

கணித ஆசிரியர் பரிகார வகுப்புப் பட்டியலில் அவன் பெயரை எழுதுகிறார். ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியர் பிந்தியதற்கு வாயிலில் நிறுத்துகிறார், அடித்ததற்குப் பெற்றோரைக் கூட்டி வரச் சொல்கிறார். உளவளத்துணை ஆசிரியரின் காதுக்கு விடயம் எட்டும்போது தவணைப் பரீட்சையே முடிந்துவிட்டது. மூவரும் தங்கள் கடமையைச் செய்தவர்கள்தான். ஆனால் பரிகார வகுப்பு காலை 6.45 இற்கு வைக்கப்பட்டிருக்கிறது, அந்த நேரத்தில் அவன் கடற்கரையில் நிற்கிறான் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

படிப்பு, நடத்தை, மனநிலை ஆகிய மூன்றையும் பாடசாலை கவனிப்பதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இப்போதுள்ளபடி தனித்தனிப் பொறுப்பாகவே விட்டு ஒவ்வொன்றையும் பலப்படுத்தலாம். சமூக, மனவெழுச்சித் திறன்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாகக் கற்பிக்கலாம். அல்லது மூன்றையும் ஒரே அமைப்பாக இணைத்து, தேவைக்கேற்பப் படிப்படியாக உதவலாம். நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் அதைக் கருத்தரங்குகளில் புகழ்கிறவர்கள் எதையெல்லாம் இணைக்கச் சொல்கிறார்களோ அதையெல்லாம் இணைக்க எனக்குச் சம்மதமில்லை.

தனித்தனிக் கதவுகள்

பழைய முறையை எள்ளி நகையாடுவது சுலபம். அதில் எதற்கு யார் பொறுப்பு என்பது தெளிவு. கூட்டமும் படிவமும் குறைவு. உளவளத்துணை அறையில் பிள்ளை சொன்னது அந்த அறையிலேயே இருக்கும். (அறை என்று ஒன்று இருந்தால். சில இடங்களில் அது விளையாட்டுப் பொருட்கள் குவித்த களஞ்சியத்தின் ஒரு மூலை.)

குறை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை எந்தக் கதவுக்கு அனுப்பப்படுகிறது என்பதை அதன் தேவை தீர்மானிப்பதில்லை, அகப்பட்ட விதம் தீர்மானிக்கிறது. சத்தம் போடுகிறவன் ஒழுக்காற்றுக்குப் போவான். பின்வாங்கில் சத்தமில்லாமல் வாடுகிறவள் எங்கும் போகமாட்டாள்; அவளுக்கு நல்ல பிள்ளை என்று பெயர்.

ஒழுக்காற்றுக் கதவும் முன்போல் இல்லை. உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இருக்கிறது. ஆசிரியரின் அடியால் மாணவர் ஒருவரின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூவரசங் கம்பு மேசையை விட்டுப் போய்விட்டது; சில இடங்களில் அலுமாரிக்குப் பின்னால் போயிருக்கிறது. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாரும் உருப்படியாகச் சொல்லித்தரவில்லை என்ற ஆசிரியர்களின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரு பாடவேளை

இரண்டாவது வழிக்கு ஆய்வுப் பலம் உண்டு. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறர் நிலை உணர்தல், உறவு பேணல், பொறுப்போடு முடிவெடுத்தல் என்ற ஐந்தையும் பாடசாலையில் கற்பிக்கலாம் என்பது 1994 இல் அமெரிக்காவில் தொடங்கிய காசெல் அமைப்பின் நிலைப்பாடு. இத்தகைய 213 திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்து 2011 இல் வெளிவந்த ஆய்வு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கியது. நூறு பேரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை பதினோர் இடம் முன்னே வருமளவுக்குக் கல்வி அடைவு உயர்ந்ததாக அது கண்டது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில் 8,000 இற்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட மனக்கவனப் பயிற்சி (மூச்சிலும் இக்கணத்திலும் கவனத்தை நிறுத்தப் பழகுதல்) ஆய்வின் முடிவு 2022 இல் வந்தது. வழமையான கற்பித்தலைவிட அந்தப் பயிற்சியால் மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பிள்ளைகள் பெரும்பாலும் செய்யவேயில்லை.

இங்கே இது எப்படி முடியும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ‘கோபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள் ஐந்து தருக’ என்று வினாத்தாளில் வரும். தனியார் கல்வி நிலையம் அதற்குக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்கும். தரம் 11 இல் எழுதும் சாதாரணதரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தவர்களின் படம் போட்ட பதாகை தொங்கும் ஊரில், புள்ளியாக மாறாத எதுவும் நேரசூசியில் நீண்டநாள் தங்குவதில்லை. புள்ளியாக மாறினால் அது வேறொன்றாகிவிடும். நல்ல பாடவேளையை நான் மறுக்கவில்லை. ஆனால் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் வரும் பையனுக்கு அது தனியே போதாது.

இணைத்த படிநிலை

மூன்றாவது முறைக்கு அமெரிக்காவில் இரண்டு வேர்கள். வாசிப்பில் பின்தங்குவோரை முன்கூட்டியே கண்டு உதவும் முறை ஒன்று. ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்த நன்னடத்தை ஆதரவு முறை மற்றது. இரண்டும் சேர்ந்த பல்படிநிலை ஆதரவு 2015 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விச் சட்டத்திலும் இடம்பெற்றது. எல்லோருக்கும் நல்ல கற்பித்தலும் தெளிவான விதிகளும் முதற்படி. சிலருக்குச் சிறு குழுவாகக் கூடுதல் உதவி இரண்டாம் படி. மிகச் சிலருக்குத் தனிப்பட்ட உதவி மூன்றாம் படி. 80, 15, 5 வீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை விதியாக எடுத்தால் ஏமாற்றம்தான். வகுப்பில் பாதிப்பேர் கணிதத்தில் சித்தியடையாத பாடசாலையில் பாதிப்பேரையும் பரிகார வகுப்புக்கு அனுப்புவது வேடிக்கை. அங்கே திருத்த வேண்டியது முதற்படியை.

இந்த முறையிலும் சறுக்கல் உண்டு. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காக 2015 இல் வெளியான மதிப்பீட்டில், கூடுதல் உதவிக்கான எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் குழுவில் சேர்க்கப்பட்ட முதலாந்தரப் பிள்ளைகள், கோட்டுக்குச் சற்று மேலே இருந்து சேர்க்கப்படாதவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பிள்ளையைப் பிரித்தெடுப்பதே உதவியாகிவிடாது.

எனக்குப் பிடித்த பகுதி மிகச் சிறியது: இரண்டாம் படியில் பயன்படுத்தும் தினசரி அட்டை. காலையில் பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைச் சந்திக்கிறான். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் அவன் நடந்துகொண்ட விதத்துக்குப் பாட ஆசிரியர் 0, 1, 2 என்று ஓர் எண்ணை இடுகிறார். பின்னேரம் அதே ஆசிரியரிடம் மீண்டும் வருகிறான். அட்டை வீட்டுக்குப் போய்க் கையொப்பத்தோடு திரும்புகிறது. அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே ஓடாது. 1.30 மணி அடித்ததும் பாடசாலை வான் காத்திருக்கும், அதன் பின் ரியூசன். ஆகவே இரண்டாவது சந்திப்பை இடைவேளைக்கு மாற்ற வேண்டும். வீட்டுக் கையொப்பத்தை எடுத்துவிடுவேன். 0 ஐக் கண்டதும் இடுப்புப் பட்டியைக் கழற்றும் தகப்பன் இருக்கும் வீட்டுக்கு அந்த அட்டை போகக்கூடாது. மற்றப்படி, “சாப்பிட்டாயா? எத்தனை மணிக்கு எழும்பினாய்?” என்று தினமும் கேட்கும் ஒரு பெரியவர் கிடைத்தால் இறங்குதுறை விடயம் ஒரு கிழமைக்குள் வெளியே வந்துவிடும்.

எதை இணைப்பது, எதை விடுவது

வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், உளவளத்துணை ஆசிரியர், ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியர் ஆகியோர் வாரத்தில் ஒரு பாடவேளை ஒரே மேசையில் இருக்க வேண்டும். மேசையில் வரவுப் பதிவேடு, புள்ளிப் பட்டியல், சம்பவக் குறிப்பு ஆகிய மூன்றும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், அடுத்த வாரம் பார்க்க ஒரு திகதி. இவ்வளவும் இணைக்கலாம்.

பிள்ளையின் இரகசியத்தை இணைக்கக்கூடாது. ஒருவருக்கொருவர் உறவாக இருக்கும் ஊரில், தாய் தகப்பன் சண்டை பற்றி ஆசிரியர் ஓய்வறையில் காலையில் பேசினால் மாலையில் அது கோயில் வீதியில் நிற்கும். உளவளத்துணைக் குறிப்பு பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். மேசைக்கு “இவனுக்குக் காலை வகுப்பு வேண்டாம், மதியம் வையுங்கள்” என்ற அளவு வந்தால் போதும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு: அப்போது நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்துக்கோ தகவல் போயே ஆகவேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையைச் சாட்டி ஒழுக்காற்றையும் உளவளத்துணையையும் ஒருவரிடமே கொடுப்பதும் இணைப்பு ஆகாது. காலையில் வாயிலில் நிறுத்தியவரிடம் மதியம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்?

வெளியாரிடம் ஒப்படைக்கும் வழியை நான் தனித் தெரிவாகவே எடுக்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2009 இல் போர் முடிந்த பின்னும் வடக்குக்கு உளசமூகத் திட்டங்கள் வந்தன. நிதி முடிந்ததும் பல திட்டங்களும் முடிந்தன. போரின் பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பம், சமூகம் என்ற மட்டத்திலும் பார்க்க வேண்டும் என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருகிறார். அதை ஏற்றால், உதவி தினமும் பிள்ளையைக் காணும் இடத்தில்தான் இருக்க வேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவு மூன்றாம் படிக்கு.

தீவகத்துச் சிறு பாடசாலைகளுக்கு இந்த மேசைகூட மிகை. நெடுந்தீவில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிவார்கள். அங்கே இல்லாதது நிபுணர், படகு ஏறாமல் அவரோடு பேசும் வழி. வலயக் கல்வி அலுவலகம் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அதற்குப் பதில் சொல்லும் ஓர் ஆளையும் கொடுத்தால் அது பத்துப் பயிற்சிப் பட்டறைகளுக்குச் சமம்.

நகரத்துப் பெரிய பாடசாலையில் தொடங்குவதானால் தரம் 6 இல் தொடங்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பிரித்துவிட்ட பிள்ளைகள் புதிய இடத்துக்கு வந்து நிற்கும் ஆண்டு அது. தரம் 11 ஆசிரியர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் மாதிரி வினாத்தாளைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.